பிள்ளை ட்ரெயினிங்குக்குப் போன பிறகு: மனசு ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது?

மகனை ராணுவப் பயிற்சிக்கு ரயிலேற்றிவிட்டு நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து வீடு திரும்பிய இரவில், நடையில் கிடந்த அவன் செருப்புதான் முதலில் கண்ணில் பட்டது. ஷூ மாட்டிக்கொண்டு போனவன் செருப்பை அப்படியே உதறிவிட்டுப் போயிருந்தான். வலது கால் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்றைக்கு அதை நிமிர்த்தி வைக்கக்கூடக் கை வரவில்லை. நாலு நாள் அதைச் சுற்றியே பெருக்கினேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பட்டாளத்துக்குத்தானே போயிருக்கான், எதுக்கு இப்படித் துக்க வீடு மாதிரி இருக்கிய?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. மகன் அவனாக ஆசைப்பட்டுத்தான் போனான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து எழுந்து ஓடியவன். செலக்‌ஷன் ஆனதும் தெரு முழுக்க லட்டு கொடுத்தது நான்தான். பிறகு எதற்கு இந்த அழுகை?

விடை தேடியபோதுதான் இந்த நிலைக்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக அதை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ரெண்டுங்கெட்டான் துயரம்

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பங்களைக் கவனித்தார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்கள். உடல் கிடைக்கவில்லை, உயிரோடு இருப்பதற்கும் தகவல் இல்லை. அந்த மனைவிமார் முழுதாக அழவும் முடியாமல் முழுதாக நம்பவும் முடியாமல் நடுவில் நின்றார்கள். இந்த நிலைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'தெளிவற்ற இழப்பு' என்று சொல்லலாம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ரெண்டுங்கெட்டான் துயரம்.

இது இரண்டு வகை. ஆள் கண் முன்னால் இல்லை, மனசு முழுக்க இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் பழைய ஆளாக இல்லை என்பது இன்னொன்று. மறதி நோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இந்த இரண்டாவது நன்றாகவே தெரியும். பிள்ளை பயிற்சிக்குப் போன வீட்டில் நடப்பது முதல் வகை, அதன் மிதமான வடிவம்.

இது ஏன் இவ்வளவு அலைக்கழிக்கிறது? எனக்குப் புரிந்த காரணம் இது. நம் மனசுக்குச் சடங்கு வேண்டும். சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாள் இருக்கிறது, முப்பதாம் நாள் பூசை இருக்கிறது. கல்யாணமாகிப் போகிற மகளுக்கு மறுவீடு இருக்கிறது. ஊரே கூடி நின்று, 'ஆமா, இது நடந்திருக்கு' என்று ஒப்புக்கொள்கிற நாட்கள் அவை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினால் அதற்கு ஒரு சடங்கும் கிடையாது. மறுநாள் பால்காரர் வழக்கம் போல வருகிறார். நாமும் பழக்க தோஷத்தில் மூணு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, கழுவும்போதுதான் ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுக்கிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தத் துயரம் புதிதில்லை. வளைகுடா நாட்டுக்குப் போனவரின் போனுக்காகக் காத்திருந்த வீடுகள் இங்கே எத்தனையோ. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்பாத நாட்கள் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை, பலரின் உடலும் கிடைக்கவில்லை. பாலின் பாஸ் சொன்னதன் மிகக் கொடிய வடிவத்தை அந்தக் கடற்கரை வீடுகள் அனுபவித்தன. அந்த வேதனைக்குப் பக்கத்தில் என் வருத்தத்தைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், எப்போது வருவான் என்றும் ஏறக்குறைய தெரியும். ஆனாலும் சாயங்காலம் தெருமுனையில் ஒரு பைக் திரும்பினால் காது தானாக நிமிர்கிறது. மனசு ஆளைத் தேடுகிற விதம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

'ஆனால்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு பாலின் பாஸ் சொல்லும் வழி ரொம்ப எளிமையானது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உணர்ச்சிகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள் என்கிறார். படித்ததும் எனக்குப் பள்ளிக்கூட இலக்கணம் நினைவுக்கு வந்தது. எண்ணும்மை என்று படித்தோமே, 'இரவும் பகலும்' என்பது போல, அதே 'உம்'தான்.

"பெருமையாத்தான் இருக்கு, ஆனா அழுகையா வருது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'ஆனா' இரண்டையும் சண்டைக்கு விடுகிறது. பெருமை ஜெயித்தால் அழுகை குற்றமாகத் தெரியும், அழுகை ஜெயித்தால் பெருமை பொய்யாகத் தெரியும். இப்போது மாற்றிச் சொல்லுங்கள்: "பெருமையாவும் இருக்கு, அழுகையாவும் வருது." அவ்வளவுதான். ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடவில்லை. "அவன் போனது நல்லதும்தான், எனக்குத் தாங்கலையும்தான்." நான் இதை அடுப்படியில் நின்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்வதற்கும் காதில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், ஊஞ்சல் மாதிரி. மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் துயரத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்புக்குள் போகிறார், இன்னொரு நேரம் அன்றாட வேலைக்குள் வருகிறார். இப்படிப் போய் வருவதுதான் ஆரோக்கியம் என்றார்கள். அவர்கள் பேசியது சாவுத் துக்கத்தைப் பற்றி. ஆனாலும் எனக்கு இது பொருந்தியது. மகன் போன மூன்றாம் வாரம் ஒரு கல்யாண வீட்டில் நன்றாகச் சிரித்துவிட்டேன். பாயசம் வேறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், அவன் அங்கே என்ன பாடு படுகிறானோ, நான் இப்படிச் சிரித்தேனே என்று வதைத்தது. ஊஞ்சல் அந்தப் பக்கம் போனது தப்பில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

அங்கே என்ன நடக்கிறது

பயத்துக்குத் தீனி போடுவது கற்பனை. அதனால் தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பக்கத்துப் பையன்கள் பலர் போவது குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்துக்கு. தொடக்கத்தை 1758க்குக் கொண்டுபோகும், இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமெண்ட் அது. அந்தப் படையின் ஜவான்களைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது, நல்ல விதமாகத்தான். எல்லோரும் அங்கேதான் போவார்கள் என்றில்லை. பீரங்கிப் படைக்கு நாசிக்கோ ஹைதராபாத்தோ, தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைக்கு பெங்களூரு என்று பிரிவுக்கு ஏற்ப மாறும். கடற்படைக்கு ஒடிசாவில் சிலிகா, விமானப் படைக்கு பெலகாவி.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சேர்பவர்களுக்கு, அதாவது அக்னிவீர்களுக்கு, தரைப்படையில் பயிற்சி ஏறக்குறைய ஏழு மாதம், கடற்படையில் சிலிகாவில் ஏறக்குறைய நான்கு மாதம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓட்டம், உடற்பயிற்சி, அப்புறம் டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு என்று நாள் போகும். கற்றுத் தருபவரை 'உஸ்தாத்' என்பார்கள். சாப்பாட்டுக் கூடம் 'லங்கர்'. ஒருவன் தப்புச் செய்தால் மொத்தக் கூட்டத்துக்கும் தண்டனை கிடைப்பதும் உண்டு. கேட்க அநியாயமாக இருக்கும். தனியாளாக வந்தவனைப் பக்கத்தில் நிற்பவனுக்கும் பொறுப்பாக்குவதுதான் அங்கே நோக்கம். ஒற்றைப் பிள்ளையாகச் செல்லமாக வளர்ந்தவனுக்கு முதல் மாதம் இதுதான் கஷ்டம், ஓட்டத்தைவிட.

முதல் போன் வரும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன் வைத்துக்கொள்ளும் விதி மையத்துக்கு மையம் மாறும். தொடக்கத்தில் அழைப்பு அபூர்வமாகத்தான் வரும், வந்தாலும் சில நிமிடம். எங்களுக்குப் பதினோராம் நாள், தெரியாத நம்பரிலிருந்து வந்தது.

"அம்மா."

"மக்ளே! சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன். அப்பா எங்க?"

குரல் கரகரவென்று உடைந்துபோய் இருந்தது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் வைத்துவிட்டான். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அழுது அழுதுதான் தொண்டை போயிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். காலையில் எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டான பட்டாளத்துக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டென்று, "அழுகையும் இல்ல, காய்ச்சலும் இல்ல. டிரில்ல கமாண்ட் கத்திக் கத்திப் பழக்குவாங்க. முதல் மாசம் எல்லாப் பையன்மாருக்கும் தொண்டை இப்படித்தான் போவும்" என்றார். ஒரு ராத்திரித் தூக்கத்தை ஒரு வாக்கியம் திருப்பித் தந்தது. உங்கள் ஊரிலும் கட்டாயம் இப்படி ஒரு முன்னாள் படைவீரர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். இணையத்தில் தேடுவதைவிட, பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்பதைவிட அது மேல். அந்த குரூப்களில் ஆறுதலும் வரும், ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ எங்கிருந்தோ அனுப்பிய புரளியும் வரும்.

போன் வரும்போது அழுகை வந்தால் வரட்டும், ஒளிக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள்: "கஷ்டமா இருந்தா வந்துடு மக்ளே." நாம் அன்பில் சொல்வது. ஆனால் களைத்துப்போய் நிற்கிற பிள்ளைக்கு அன்று ராத்திரி முழுக்க அது மண்டைக்குள் ஓடும். அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். அவன் சொல்வான். சொன்னதும் கொஞ்சம் இறங்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்ற தொனியில் பேசினாலோ, அடிபட்டதை மறைக்கிறான் என்று தெரிந்தாலோ, ட்ரெயினிங் என்றால் அப்படித்தான் என்று தட்டிக்கழிக்காமல் உடனே மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். கால் எலும்பில் வலி, நுண்ணிய முறிவு எல்லாம் புதிதாகப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். காயத்தாலோ தேர்வில் தவறியதாலோ அடுத்த பேட்சுக்குத் தள்ளுவதும் உண்டு. தள்ளிப் போட்டார்கள் என்றால் துரத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

கடிதம் எழுதுங்கள். போனில் சொன்னது போனோடு போய்விடும். கடிதத்தைப் பெட்டியில் வைத்து நாலு தடவை படிக்கலாம். முதலில் நான் எழுதியது முழுக்க 'நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது' வகை. போஸ்ட் பண்ணப் போகும்போது ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதாக எழுதியதில், பின்பக்கத்துப் பலா மரத்தில் இந்த வருஷம் பதினாறு சக்கை பிடித்தது, பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிட்டது, மட்டிப்பழம் விலை ஏறியது, கறுத்த கோழி அடை உட்கார்ந்தது, இவ்வளவுதான். வீடு அதன்பாட்டில் நடக்கிறது, அவனுக்கான இடமும் அங்கேயே இருக்கிறது என்று அந்தக் கோழி சொல்லிவிடும். அதை நாம் வேறு சொல்லிக் கனமாக்க வேண்டாம்.

அப்பாக்களும், சொல்லப்படாத மற்றதும்

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்துக்குப் போவார். மகன் போனதிலிருந்து அரைமணி முன்னதாகவே கிளம்பினார். ஒரு சொல் பேசவில்லை. இவருக்குக் கவலையே இல்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். ஞாயிறு தவறாமல் மகனுடைய பைக்கைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, திரும்ப மூடிவைப்பார். கேட்டால், "பேட்டரி இறங்கிடும்லா" என்பார். அவருடைய அழுகை அது. சில ஆண்களுக்குத் துக்கம் கைவேலையாகத்தான் வெளியே வரும். வாய்விட்டு அழு என்று பிடித்து உலுக்குவதைவிட அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் போய் நின்றாலே போதும்.

மகளை அனுப்பிய வீடுகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சிலிகாவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் பேட்சில், 2023 மார்ச்சில், பெண்களும் அணிவகுத்தார்கள். ஆனாலும் உறவில் ஒருவராவது "பொம்பளப் பிள்ளைய எந்த தைரியத்துல அனுப்பின?" என்று கேட்பார். பிரிவின் வலியோடு அந்தப் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நாலு வருஷக் கேள்வியும் இருக்கிறது. அக்னிவீர்களின் பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து 4 ஆண்டு, அதன்பின் நிரந்தரமாகத் தொடர்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேர். எதற்கு மனசைத் தயார் செய்வது, நாலு வருஷத்தில் வீடு திரும்புகிறவனுக்கா, பல வருஷம் வெளியிலேயே இருக்கப் போகிறவனுக்கா? இதுவும் ரெண்டுங்கெட்டான்தான். நான் இதற்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். அடுத்து வரும் தேதியைத் தாண்டி யோசிப்பதில்லை. பயிற்சி முடிந்து நடக்கும் கசம் பரேட், அதாவது உறுதிமொழி அணிவகுப்பு, அதுவரைக்கும்தான் காலண்டர். அந்த அணிவகுப்புக்குப் பெற்றோரையும் அழைப்பார்கள். பிள்ளையைப் படைக்குத் தந்ததற்காகப் பெற்றோருக்கே 'கௌரவ் பதக்' என்ற பதக்கம் அணிவிக்கும் வழக்கமும் இருக்கிறது. சடங்கு இல்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா, கடைசியில் இது ஒன்று இருக்கிறது.

நடுவில் வரும் பண்டிகைகள் கஷ்டம். எங்களுக்கு ஓணம் நாள் அப்படி இருந்தது. இலை போட்டு உட்கார்ந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியார்தான், "பிள்ளைக்கு அங்க நல்ல குளிரா இருக்குமே" என்று ஆரம்பித்தார். அவன் பேச்சை எடுத்ததும் எல்லோருக்கும் சோறு இறங்கியது. பேரைச் சொல்லாமல் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொள்வதுதான் மேசையைக் கனமாக்குகிறது.

சில வாரங்களில் மெல்ல மெல்ல மட்டுப்பட வேண்டிய வருத்தம் இது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க ஒரே இருட்டாக இருந்தாலோ, தூக்கமும் பசியும் போய்விட்டாலோ, வேலைக்கே போக முடியாவிட்டாலோ, சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அதை 'தாய்ப்பாசம்' என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவது போலத்தான் இதற்கும் போக வேண்டும்.

முதல் லீவு

தெருவெல்லாம் நட்சத்திரம் கட்டியிருந்த டிசம்பரில் வந்தான். கன்னம் ஒட்டி, தோள் அகன்று, முடி ஒட்ட வெட்டி. மரச்சீனியும் மீன் குழம்பும் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் தட்டைக் கழுவி வைத்துவிட்டான். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே பிசைவான். காலை நாலரைக்கு எழுந்து போர்வையை நாலு மூலை சேர மடித்து வைத்தான். தாய்மாமனிடம் வாய் தவறி 'சார்' என்றான். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இழுத்தது. நான் காத்திருந்தது ரயிலேறிய பையனுக்கு. வந்திருப்பது வேறொருவன், கொஞ்சம் வேறொருவன். இந்த வலியும் வரும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. பழைய பையனைத் தேடிக்கொண்டே இருந்தால் வந்தவனோடு பேசவே நாள் இருக்காது, லீவு சீக்கிரம் முடிந்துவிடும்.

பழைய செருப்பு அவனுக்குச் சேரவில்லை. பூட்ஸ் போட்டுப் போட்டுப் பாதம் அகன்றிருந்தது. வடசேரியில் புதிதாக ஒரு ஜோடி வாங்கினோம்.

இரண்டாவது முறை ரயிலேற்றுவது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை பரபரப்பு தாங்கிக்கொண்டது, இந்தத் தடவை அது இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது புதுச் செருப்பு நடையில் இருந்தது. இரண்டையும் ஜோடி சேர்த்து, சுவரோரமாக நேராக வைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் அதை எடுத்து ஒரு படி மேலே வைத்துவிட்டு, நடையைப் பெருக்கினேன்.